ஆப்பிரிக்க சினிமா 1992-ல் பிறக்கவில்லை

"ஆப்பிரிக்காவில் சினிமா 1992-ல் நோலிவுட்டோடுதான் (நைஜீரியத் திரைத்துறை) தொடங்கியது, அதனால்தான் விக்கிப்பீடியாவில் பழைய படங்களுக்குக் கட்டுரை இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

1992-ல் வந்தது நைஜீரியாவின் 'லிவிங் இன் பாண்டேஜ்'. வீடியோ கேசட்டாக விற்றுத் தீர்ந்த படம். அந்த வியாபாரத்துக்கு அது பெரிய திருப்பம், சரி. ஆனால் செனகலின் உஸ்மான் செம்பேன் 1963-லேயே 'பொரோம் சாரெட்' எடுத்துவிட்டார். டக்கார் நகரில் குதிரை வண்டி ஓட்டுகிறவரின் ஒரு நாள்தான் கதை. வசதியானவர்கள் வாழும் பகுதிக்குள் வண்டி நுழைந்ததற்காகப் போலீஸ்காரர் அதைப் பிடுங்கிக்கொள்வார். வண்டிக்காரரிடமிருந்து கீழே விழுந்த பதக்கத்தைப் பூட்ஸ் காலால் மிதிப்பார். அந்த ஒரு காட்சிக்கே தனிக் கட்டுரை எழுதலாம்! 1969-லிருந்து புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் ஆப்பிரிக்கத் திரைப்பட விழா நடக்கிறது. 1975-ல் கான் விழாவின் தலையாய விருதை வாங்கியது ஓர் அல்ஜீரியப் படம்.

கட்டுரைகள் குறைவாக இருப்பதற்குப் படங்கள் இல்லாதது காரணமில்லை. அந்தக் கால விமர்சனங்களில் பெரும்பகுதி அச்சுப் பத்திரிகைகளில் கிடக்கிறது, கூகுளில் தேடினால் சிக்காது. இணையத்தில் இல்லாத அச்சுப் பத்திரிகையும் விக்கிப்பீடியாவில் செல்லுபடியாகும் சான்றுதான். தேதியும் பக்க எண்ணும் கொடுத்தால் போதும், தயங்காமல் எழுதுங்கள்.