தடை எங்கே என்பதையும் எழுதுங்கள்

டைப் 1 நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்சுலின் சுரக்கும் செல்களை உறைக்குள் வைத்துப் பொருத்தினால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தே வேண்டாம் என்கிறது நீங்கள் வெளியிட்ட கட்டுரை. 1980இல் லிம், சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலிகளில் செய்து காட்டியபோதே பிறந்த நம்பிக்கை இது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்தான் அந்த உறை. குளுக்கோஸ் உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும், தாக்கும் செல்கள் நுழைய முடியாது. சரி, அப்புறம்? உடல் உறையைச் சுற்றித் தழும்பு கட்டிவிடுகிறது; ஆக்சிஜன் கிடைக்காமல் உள்ளே செல்கள் செத்துப்போகின்றன. போதிய பலன் தெரியாததால் 2025இல் வெர்டெக்ஸ் மருந்து நிறுவனமும் தன் உறைச் சாதன ஆய்வைக் கைவிட்டது. அதையும் சொல்லியிருக்கலாம். என் மகளுக்கு டைப் 1. நடு இரவில் டார்ச் அடித்து, தூங்குகிறவள் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிறேன். இந்தச் செய்திகளை வரி விடாமல் படிக்கிறேன்.