தும்பாவைப் பெண்களிடமும் கொடுங்கள்

எங்கள் வேலூர்ப் பக்கம் அம்மன் திருவிழா என்றால் ஆர்கெஸ்ட்ரா உண்டு. மேடையில் இரண்டு பெண்களாவது பாடுவார்கள். ட்ரம்ஸ், ரிதம் பேட், தும்பா என்கிற கையால் தட்டும் உயரமான மேளம், தபேலா எல்லாம் ஆண்கள் கையில்தான். ரொம்ப நாளாக எனக்கு இது உறுத்துகிறது. "பொம்பளைப் பிள்ளைக்குக் கை தாங்காது" என்பவர்கள் ஒருமுறை அமெரிக்கத் தாளக் கலைஞர் ஷீலா இ வாசிப்பதைப் பார்க்க வேண்டும்.

1957-ல் அமெரிக்காவின் ஓக்லண்டில் பிறந்தவர். முழுப்பெயர் ஷீலா எஸ்கொவேடோ. அப்பா பீட் எஸ்கொவேடோ பெயர்பெற்ற லத்தீன் தாளக் கலைஞர். மகளை வயலின் கற்க அனுப்பினார்கள். அவர் கை போனதோ காங்காவுக்கு, அதாவது நம் ஊர் தும்பாவுக்கு. இருபது வயதை ஒட்டியே ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் டியூக்கின் குழுவில் வாசித்தார். 1984-ல் வந்த முதல் தனி ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்தது. 1987-ல் பாப் நட்சத்திரம் பிரின்ஸின் சுற்றுப்பயணத்தில் ட்ரம்ஸ் அவர் கையில். அவ்வளவு பெரிய கச்சேரியின் காலப்பிரமாணமே அவர் பொறுப்பு!

டிம்பாலே வாசித்துக்கொண்டே அவர் பாடும் வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். நின்றுகொண்டு வாசிக்கும் இரண்டு உலோக மேளங்கள், பக்கத்தில் ஒரு மணி. குச்சி தோலில் விழுகிறது, மேளத்தின் பக்கவாட்டில் விழுகிறது, மணிக்குத் தாவுகிறது. வரி முடிந்து மூச்சு வாங்கும் இடத்திலும் கை நிற்பதில்லை. பாட்டு ஒரு நடையில், கை வேறொரு நடையில். தாளம் உடம்பில் ஊறியவருக்குத்தான் இது வரும்.

அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டருக்கு நேர்ந்தது வேறு. அவரும் ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடியவர். தன்னைப் பாடத் தெரிந்த ட்ரம்மர் என்றே நினைத்தவர். குரல் புகழ்பெற்றதும், முகம் தெரியவேண்டும் என்று ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து மேடையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

குடியாத்தம் பக்கம் ஒரு கச்சேரியில் பாடிய பெண்ணை ஞாபகம் இருக்கிறது. ஒரு கையில் மைக். அடுத்த கை விரல்கள் தொடையில் தாளம் போட்டபடியே இருந்தன, இடையிசையில் தும்பாக்காரர் உருட்டும் உருட்டல் உட்பட, ஒன்றுகூடத் தப்பாமல். அந்தத் தும்பா நான்கடி தள்ளித்தான் இருந்தது. அவரை யாராவது ஒருநாள் அதைத் தொட விட்டிருப்பார்களா?

என்னைக் கேட்டால், சிக்கல் கை வலுவில் இல்லை. ஷீலாவுக்கு வீட்டிலேயே வாத்தியம் கிடந்தது, தட்டினால் திட்டாத அப்பா இருந்தார். இங்கே வாத்தியம் குழு நடத்துபவர் வீட்டில் இருக்கும். பயிற்சி ராத்திரியில், கச்சேரி முடிந்து வேன் திரும்பும்போது விடிந்துவிடும். பையன் போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொள்கிறான். பெண்ணுக்கு அந்த ஓரம்கூட கிடையாது. பம்பை, உடுக்கை வீடுகளிலும் பெரும்பாலும் மகனுக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெண்ணுக்கும் வாய்ப்பு கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடக் கலைஞர் சுகன்யா ராம்கோபாலே போதும். அவரும் வயலின் கற்கப் போனவர்தான். மிருதங்கத்துக்கு மாறி, அப்புறம் கட வித்வான் விக்கு விநாயக்ராமின் அப்பா ஹரிஹர சர்மாவிடம் கடம் கற்று மேடையேறினார்.

திருவிழாக் கமிட்டி அண்ணன்களே, இந்த வருடம் ஆர்கெஸ்ட்ராவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது "தாளத்தில் பெண் யாராவது இருக்காங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பணம் கொடுக்கும் நீங்கள் கேட்டால் குழு நடத்துபவர் தேடுவார். பகலில் ஒரு மணி நேரம் பயிற்சி வைத்தால் அனுப்புகிறோம் என்று சொல்லும் அம்மாக்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.