எப்படி அளந்தீங்க அண்ணே?

நேத்து வந்த அந்த வீடியோ பத்தித்தான். லிங்க் வேணாம், பாதிப்பேர் ஏற்கெனவே எனக்கு அனுப்பிட்டீங்க. ஐ7-2600-ங்கிற பழைய இன்டெல் கம்ப்யூட்டர் சிப்பை "குப்பை"ன்னு முடிச்சுட்டார் அந்த வீடியோ போட்ட அண்ணன். நான் கமெண்ட்ல கேட்டது ஒரே கேள்வி, எப்படி அளந்தீங்க? பதில் வரல, பிளாக் வந்துச்சு.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். டாஸ்க் மேனேஜர்ல ரெண்டு ஸ்லாட்டுல ஒண்ணுலதான் ரேம். இது டூயல் சேனல் சிப், ரெண்டு ரேம்ல இருந்து ஒரே நேரத்துல டேட்டா எடுக்கும். அதுக்கு ஒத்தை ரேம் போட்டா மெமரி பேண்ட்விட்த், அதாவது டேட்டா போய்வர்ற வேகம், பாதிதான். மூலையில டெம்பரேச்சர் 97, 98. அந்தச் சூட்டுல சிப் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். சினிபெஞ்ச்ங்கிற ஸ்பீட் டெஸ்ட் ஓடும்போதே சிப்போட அடிப்படை வேகமான 3.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழ இறங்குது, திரையிலயே தெரியுது. கூலரைக் கழட்டியிருந்தா, சிப்போட சூட்டைக் கூலருக்குக் கடத்துற பேஸ்ட் சுண்ணாம்பா காஞ்சு உதிர்ந்திருக்கும். அதைத் துடைச்சுப் புதுசு தடவ அஞ்சு நிமிஷம். அதைச் செய்யாம வந்த ஸ்கோர் சிப்போடது இல்ல, உங்க சோம்பேறித்தனத்தோடது.

"விண்டோஸ் 11 வராதே?" ஆமா, அதிகாரபூர்வமா வராது. விண்டோஸ் 10 சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்னு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கு, அதைப் போடுங்க. "ஏ.வி.எக்ஸ்.2 இல்லையே?" இல்லதான், அந்தக் கட்டளைத் தொகுப்பு 2013-ல இன்டெலோட ஹாஸ்வெல் சிப்போட வந்தது. சில புது கேம் திறக்கவே திறக்காது, அதுல நான் வாதாட வரல. "95 வாட் கரண்ட் குடிக்கும்!" ஐயா, அது முழு லோடுல. பெங்களூரு குளிருக்கு நீங்க தினம் போடுற கீசர் 2000 வாட், அதுக்கு ஒரு வீடியோ போடுங்க முதல்ல.

எனக்கு ஏன் இவ்வளவு எரியுது? ஸ்ரீராமபுரத்துல தையல் கடை வச்சிருக்கிற ஒரு அக்கா. பையன் பி.சி.ஏ. அவனுக்காக கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விக்கிற எஸ்.பி. ரோட்ல அலைஞ்சு இதே 2600, நாலு ஜிபி ரேம் ரெண்டு, ஒரு எஸ்.எஸ்.டி. தேடிப் பிடிச்சு, பேஸ்ட் மாத்தி, மின்ட் ஏத்தி வச்சேன். சி, பைத்தான் எல்லாம் சும்மா பறக்குது. நேத்து ராத்திரி போன். "தம்பி, அது குப்பையாமே, வீடியோல சொல்றாங்களாமே." இப்போ இ.எம்.ஐ.ல ஒரு லேப்டாப் எடுக்கப் போறாங்க. வெளியில பளபளப்பு, உள்ள ரெண்டே கோர், நாலு ஜிபி ரேம்.

"கடைக்காரன், வயித்தெரிச்சல்ல கத்துறான்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். நான் கடை வைக்கல சாமி. இதுல எனக்கு ஒத்தப் பைசா லாபம் இல்ல. இந்த ஊர் ஐ.டி. ஆபீஸ் கழிச்சுப் போடுற பெட்டியை எடுத்துத் துடைச்சுப் படிக்கிற பிள்ளைங்களுக்குக் குடுக்கிறேன், அவ்வளவுதான். அதை வாங்குறவங்க எல்லாம் ஏமாளிங்கன்னு சிரிக்கிறீங்க பாருங்க, அந்தச் சிரிப்புதான் தாங்கல. பழசு வாங்குறது அவங்க ஆசைப்பட்டா?

அக்கா பையனுக்காகச் செஞ்ச அந்தப் பெட்டி இப்போ அல்சூர்ல என் வீட்லதான் இருக்கு. வீட்ல படிக்கிற பிள்ளை இருந்தா இன்பாக்ஸ் வாங்க. ஓட்டிப் பார்த்துட்டே எடுத்துட்டுப் போங்க. அண்ணனும் வரலாம், பேஸ்ட் நானே தர்றேன்.