டிடாச் பண்ணாதீர்கள்

ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் டெம்ப்ளேட் உருவாக்கும்போது பட்டன், கார்டு, ஹெடர் எல்லாவற்றையும் காம்போனென்டாக, அதாவது பிரதி எடுத்துப் பயன்படுத்தும் மூலமாக, செய்து வைப்பது எதற்கு? மூலத்தில் ஒருமுறை நிறத்தை மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாற வேண்டும், அதற்குத்தானே. ஆனால் பட்டனுக்குள் இருக்கும் ஐகானை நகர்த்த முடியவில்லை என்றதும் டீமில் யாராவது ஒருவர் கன்ட்ரோல், ஆல்ட், B அழுத்தி டிடாச் செய்துவிடுகிறார், அதாவது அந்தப் பிரதியை மூலத்திலிருந்து துண்டித்துவிடுகிறார். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, அதுதான் கொடுமை. லேயர் பட்டியலில் காம்போனென்டைக் காட்டும் ஊதா நிறம் போயிருக்கும், அதை யார் கவனிக்கிறார்கள்? கிளையன்ட் பிராண்டு நிறத்தை மாற்றச் சொல்லும் நாளில்தான் பாதிப் பட்டன் புதுசு, பாதிப் பட்டன் பழசு என்று பல்லிளிக்கும். அப்புறம் ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து தேட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் 2022-லேயே காம்போனென்ட் ப்ராப்பர்ட்டி வந்துவிட்டது. எழுத்தை மாற்றலாம், ஐகானை மறைக்கலாம், அதற்குப் பதில் வேறொன்றை வைக்கலாம். எதையும் உடைக்கவே வேண்டாம். அதுவும் போதவில்லையா? மூலத்தைச் செய்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இன்னொரு வேரியன்ட் (அதே காம்போனென்டின் மாற்று வடிவம்) சேர்ப்பது பெரிய வேலையே இல்லை. சொல்லாமல் பிய்த்துப் போட்டால் மூலத்தைச் செய்யும் எங்களுக்கு எப்படித் தெரியும்?