எலுமிச்சம்பழம் நசுங்கும் முன்

மாலை சூட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான், புது பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் வளையமாகப் படிந்திருந்த எண்ணெயைக் கவனித்தேன். துடைத்துவிட்டு, ஹேண்டிலை நான்கு முறை அழுத்தியதும் மீண்டும் அதே வளையம். "ஆயில் சீல்தான் சார், முதல் சர்வீஸில் மாற்றிவிடலாம்" என்கிறார் விற்பனையாளர், ஏதோ சட்டைப் பொத்தான் அறுந்ததைப் போல. கசியும் எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் படிந்தால் என்னவாகும் என்பது அவருக்குத் தெரியாதா? வேறு வண்டி கேட்டால், என் பெயரில் பதிவாகிவிட்டது என்று கைவிரிக்கிறார்கள். பதிவுக்கு முன்பே வண்டியைக் காட்டச் சொன்னபோது, குடோனில் இருப்பதாகத் தட்டிக்கழித்தவர்களும் இவர்களே. குறையுள்ள பொருளை மாற்றித்தர உத்தரவிடும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் ஆணையத்துக்குத் தந்திருக்கிறது, ஆனால் வழக்கு முடியும்வரை கடன் தவணை காத்திருக்காது. டெலிவரி ரசீதில் கையெழுத்திடப் பேனா நீள்கிறது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று அப்பா கடிகாரத்தைப் பார்க்கிறார்.