இடிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை

மவுண்ட் ரோடில் எல்.ஐ.சி. ஸ்டாப்பிங்கில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் முக்கால்வாசிப் பேர் அண்ணாந்து பார்ப்பது அந்தப் பதினாலு மாடியைத்தான். நானும் பல வருஷம் அப்படித்தான் நின்றிருக்கிறேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முனையில் இருக்கும் சிவப்புக் கட்டடம் என் கண்ணில் பட்டது ரொம்பத் தாமதமாக.

1897-ல் கட்டியது. டபிள்யூ.இ. ஸ்மித் கம்பெனி என்று ஒரு வெள்ளைக்கார மருந்துக் கடைக்காக, ஜே.எச். ஸ்டீபன்ஸ் வரைந்து கொடுத்தது. அப்போது பெயர் கார்டைல் பில்டிங். கூர் கோபுரம், வளைவு, மாடம் எல்லாம் வைத்து ஒரு மருந்துக் கடை! இன்றைக்கு மெடிக்கல் ஷாப் என்றால் ஒரு ஷட்டர், ஒரு பச்சை போர்டு, முடிந்தது கதை.

1934-ல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனதும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 1959-ல் திறந்த பதினாலு மாடிக்கும் அதே எல்.ஐ.சி.தான் சொந்தக்காரர். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்குக் கிடைத்த கவனிப்பு என்ன என்று ரோட்டில் போகிற யாருக்கும் தெரியும்.

2006-ல் அந்தச் சிவப்புக் கட்டடத்தை இடிக்க ஆரம்பித்தார்கள். பழைய கட்டடங்களைக் காப்பாற்றப் பாடுபடும் இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. 2010-ல் இடிக்கக் கூடாது, சீரமைக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிவிட்டது. கட்டடம் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்ட நாங்கள் அன்றைக்கு ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தோம்.

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்தேன். சுவர் இடுக்கில் ஓர் அரசங்கன்று. முதலில் நாலு இலை. அடுத்த மழைக்காலத்தில் என் உயரம். பழைய செங்கல் கட்டடத்தில் பூச்சு விழுந்து கூரை திறந்துவிட்டால் ஐப்பசி மழை நேரே சுண்ணாம்புக் காரைக்குள் இறங்கும். காரை இளகும், வேர் உள்ளே போகும், செங்கல் தானாக விலகும். கடப்பாரையே வேண்டாம். அப்புறம் ஒருநாள் யாராவது வந்து “கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது” என்பார்கள். ஆபத்தாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தது யார்?

“வெள்ளைக்காரன் மருந்துக் கடைக்கு ஏன்டா இவ்வளவு உருக்கம்?” என்று நண்பன் கேட்டான். ஸ்மித் துரைக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வராது. நான் கேட்பது சின்ன விஷயம்: ஒரு ஏணி, ஓர் அரிவாள், அந்தச் செடியை வேரோடு எடுக்கத் தெரிந்த ஒரு ஆள். தீர்ப்பு நகலோடு இதையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்.