சுமேரியருக்கு ஏலியனும் வேண்டாம், நாமும் வேண்டாம்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரே நாளில் இரண்டு சங்கதி வந்து விழுந்தது. முதலாவது மாமா அனுப்பிய வீடியோ. ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் இன்றைய தெற்கு இராக்கில் வாழ்ந்த சுமேரியருக்கு எழுத்து, வானியல், நகரம் கட்டுவது என எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது அனுன்னாகி என்ற வேற்றுக்கிரகவாசிகள்தானாம். பின்னணியில் தடதடவென்று இசை வேறு. இரண்டாவது சித்தப்பா மகன் அனுப்பியது. 'ஊர்' என்று அங்கே ஒரு நகரம் இருந்தது, 'அம' என்றால் அவர்கள் மொழியில் அம்மா, ஆகவே சுமேரியர் தமிழரே, தமிழன் என்றால் பகிரவும்.

இரண்டையும் பார்த்ததில் எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். நான் வரலாறு படித்தவன் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நெல் மண்டியில் கணக்கெழுதுகிறவன். ஆனால் சுமேரியர் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. காரணம், நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்தை எழுதியவன் கவிஞனும் இல்லை, ராஜாவும் இல்லை. என்னைப் போல ஒரு கணக்குப்பிள்ளை.

தெற்கு இராக்கில் உருக் என்ற நகரம். இன்று அந்த இடத்துக்குப் பெயர் வார்கா. அங்கே கி.மு. 3300 வாக்கிலிருந்து எழுதப்பட்ட களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பெரும்பகுதி வரவு, செலவு, இருப்பு. இத்தனை ஆடு, இத்தனை வாற்கோதுமை, இத்தனை ஜாடி பீர். மிச்சம், எழுதப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல். அதில் ஒரு கவிதை இல்லை, ஒரு கடிதம் இல்லை, ராஜாவைப் புகழ்ந்து ஒரு வரிகூட இல்லை.

அதில் ஒரு பலகையை நான் போனில் சேமித்து வைத்திருக்கிறேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். 29,086 அளவு வாற்கோதுமை, 37 மாதம், குஷிம். அவ்வளவுதான் விஷயம். இன்றைய கணக்கில் சுமார் 1,35,000 லிட்டர் தானியம், மூன்று வருஷத்துச் சொச்சத்துக்கு. குஷிம் என்பது ஆளின் பெயரா, ஒரு பதவியின் பெயரா என்று அறிஞர்கள் வாதம் செய்துகொண்டிருக்கட்டும். எனக்கு அது சிட்டையின் அடியில் போட்ட கையெழுத்து. யாராவது வந்து "கணக்கு உதைக்குதே" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் இவன்தான்.

எழுத்து வருவதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது இன்னும் அழகு. களிமண்ணில் சின்னச் சின்ன வில்லைகள் பிடித்து வைத்திருந்தார்கள். கூம்பு, உருண்டை, வட்டு என்று பல வடிவம். இன்ன வடிவம் என்றால் இன்ன பொருள், இவ்வளவு. பத்து ஆடு கொடுத்தனுப்பினால் அதற்கான வில்லைகளை ஒரு களிமண் உருண்டைக்குள் போட்டு மூடி, மேலே முத்திரையை உருட்டிவிடுவார்கள். வழியில் மேய்ப்பவன் ஓர் ஆட்டை அமுக்கிவிட்டால், உருண்டையை உடைத்து எண்ணிப் பார்க்கலாம். சரி, உடைக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? மூடுவதற்கு முன் அதே வில்லைகளை வெளிப்பக்கம் ஈரமண்ணில் அழுத்தித் தடம் பதித்தார்கள். அப்புறம் யாருக்கோ மண்டையில் உறைத்திருக்கிறது: தடம்தான் வெளியே இருக்கிறதே, உள்ளே வில்லை எதற்கு? உருண்டை தட்டையாகிப் பலகை ஆனது. எழுத்து பிறந்த வழி இதுதான் என்று பரவலாகச் சொல்கிறார்கள். சரக்கு அனுப்பி, வந்ததைச் சரிபார்த்து, திருட்டைப் பிடித்து வயிறு கழுவுகிற எவனுக்கும் இது பார்த்ததுமே புரியும். இதைச் சொல்லிக்கொடுக்க வானத்திலிருந்து ஒருவன் இறங்கி வரணுமா?

அனுன்னாகி என்பது அவர்கள் பாடல்களில் வரும் தெய்வங்களின் கூட்டம். ராக்கெட், விண்கலம் எல்லாம் இருபதாம் நூற்றாண்டில் ஒட்டவைத்தது. இந்தக் கதையில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால், வேலை செய்த கைகளை அது துடைத்துப் போட்டுவிடுகிறது. ஊர் நகரத்துச் சிகுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 2100 வாக்கில் ஊர்-நம்மு என்ற அரசன் தொடங்கிய படிக்கட்டுக் கோயில். நடுவில் பச்சை மண்கல், வெளியே சுட்ட செங்கல், ஒட்டுவதற்குத் தார் போன்ற நிலக்கீல், நடுநடுவே நாணல் பாய், உள்ளே ஊறும் ஈரம் வெளியேற சுவரில் துளைகள். செங்கல்லில் அரசன் பெயரை அச்சுக்கட்டையால் பதித்திருக்கிறார்கள். ஊர் நகரத்தில் தோண்டி எடுத்த செங்கற்களில் சிலவற்றில் நாயின் பாதத்தடம் இருக்கிறது. காயப்போட்ட கல்மேல் ஏதோ ஒரு நாய் நடந்து போயிருக்கிறது. விரட்டியவன் கல்லைத் தூக்கிப் போடாமல் அப்படியே சூளைக்கு அனுப்பிவிட்டான். செங்கல் சூளைப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை.

நாய் என்றதும் ஞாபகம் வருகிறது. 'ஊர்' என்பது தமிழ்ச்சொல் என்று பகிர்கிறவர்களுக்கு ஒரு தகவல். சுமேரிய மொழியில் 'உர்' என்றால் நாய். அந்த நகரத்தை அவர்கள் அழைத்த பெயர் 'உரிம்'. நகரம் என்பதற்கு அவர்கள் சொல் 'உரு' அல்லது 'இரி' என்று படிக்கப்படுகிறது. அது நம் ஊருக்கு நெருக்கமாக ஒலிக்கிறதே என்றால், ஒலிக்கிறது, மறுக்கவில்லை. பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது, ஆங்கிலத்தில் 'பேட்' என்றாலும் கெட்டது. இரண்டுக்கும் வேர் வேறு. இரண்டு மொழி உறவு என்று சொல்ல, ஒலிகள் ஒழுங்காக ஒன்றுக்கொன்று மாறிவரும் சொற்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும், இலக்கணமும் ஒத்துப்போக வேண்டும். எத்தனையோ பேர் எத்தனையோ மொழிகளோடு முட்டிப் பார்த்துவிட்டார்கள். பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும்படி ஒன்றும் தேறவில்லை. சுமேரியம் இன்றுவரை உறவில்லாத தனிமொழிதான்.

வியாபாரத் தொடர்பு உண்மை. ஊர் நகரத்து அரச கல்லறைகளில் சிந்துவெளிச் சூதுபவள மணிகள் கிடைத்தன. மெலுஹா என்ற நாட்டின் கப்பல்கள் தன் துறையில் நின்றதாக, சுமேருக்கு வடக்கே இருந்த அக்காட் நாட்டு அரசன் சார்கோன் பெருமை பேசுகிறான். மெலுஹா சிந்துவெளிதான் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். அதே அக்காடிய காலத்து முத்திரை ஒன்று பாரிஸில் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் சூ-இலிசு. தொழில்: மெலுஹா மொழிக்கு மொழிபெயர்ப்பாளர். சுமேரியரும் சிந்துவெளிக்காரரும் ஒரே தமிழைப் பேசியிருந்தால் இந்த மனிதருக்குச் சம்பளம் எதற்குக் கொடுத்தார்கள்?

அவர்கள் நம் சொந்தக்காரர்களாக இருந்தால்தான் ரசிப்பேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் எதையெல்லாம் விடுகிறார்கள் தெரியுமா? சுமேரிய மொழியில் ஒரு பள்ளிக்கூடக் கதை இருக்கிறது. பையன் காலையில் எழுந்து, அம்மா கொடுத்த ரொட்டியை வாங்கிக்கொண்டு ஓடுகிறான். தாமதம், அடி. பேசினான், அடி. எழுந்து நின்றான், அடி. கையெழுத்து சரியில்லை, அதற்கும் அடி. கடைசியில் பையனே அப்பாவிடம் யோசனை சொல்கிறான். வாத்தியாரை வீட்டுக்கு அழைத்து, நல்ல இடத்தில் உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, புதுத்துணி உடுத்தி, கையில் மோதிரமும் போட்டுவிடுகிறார்கள். உடனே வாத்தியாருக்குப் பையன் அறிவாளியாகத் தெரிகிறான்! இதைப் படியெடுத்து எழுதிப் பழகிய பிள்ளைகள் வீட்டில் பேசியது அக்காட்காரர்களின் மொழியான அக்காடியம். சுமேரியம் அப்போதே பேச்சில் செத்துப்போன மொழி. நிப்பூர் என்ற நகரத்தில் ஒரு சின்ன வீட்டைத் தோண்டியபோது இப்படிப்பட்ட பயிற்சிப் பலகைகளும் துண்டுகளும் ஆயிரத்துக்கு மேல் வந்தன. பழைய பலகைகளைக் குழைத்துத் திரும்பப் பயன்படுத்த ஒரு தொட்டியும் இருந்தது.

அவர்களைத் தூக்கி வைத்து ஆடவும் எனக்கு மனமில்லை. ஊர் நகரின் 'பெரிய மரணக் குழி'யில் 74 உடல்கள், அதில் 68 பெண்கள். இறந்த யாருக்கோ துணையாக அனுப்பப்பட்டவர்கள். 1920களில் தோண்டிய லியோனார்ட் வூலி ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். பலர் தலையில் வெள்ளி நாடா இருக்க, இவள் தலையில் இல்லை. இடுப்புப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டு கிடந்தது. சுத்தம் செய்து பார்த்தால், சுருட்டிய நாடா, பிரிக்கவே இல்லை. கிளம்ப நேரமாகி, அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று மடியில் செருகிக்கொண்டு ஓடி வந்திருப்பாள் என்பது வூலியின் எண்ணம். இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கூலியிலும் கதை அதேதான். கி.மு. 2100க்குப் பிந்தைய ஊர் நகரத்து அரசின் கணக்குகளில் வேலையாளுக்கு மாதப்படி வாற்கோதுமை. ஆணுக்குப் பொதுவாக 60 சிலா, பெண்ணுக்கு 30. ஒரு சிலா கிட்டத்தட்ட ஒரு லிட்டர். நெசவுக்கூடங்களில் நாள் முழுக்க உட்கார்ந்த பெண்களுக்கு அந்த 30தான். எங்கள் மண்டியிலும் தூற்றுகிற பெண்களுக்கும் மூட்டை தூக்குகிற ஆண்களுக்கும் வேறு வேறு கூலிதான். எழுதுவது நான்தான்.

இப்போது அந்த 'அம' விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், சுமேரியத்தில் 'அம' என்றால் தாய். குழந்தை வாயில் முதலில் வரும் ஒலி அது, உலகத்தில் பாதி மொழிகளில் அப்படித்தான் இருக்கும். நம் ஆட்கள் அந்த இரண்டெழுத்தோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்து ஒரு சொல் இருக்கிறது: 'அமர்கி'. நேர்ப்பொருள், தாயிடம் திரும்புதல். கடனை அடைக்க முடியாமல் பிள்ளையை அடிமையாக விட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கடனை அரசன் ரத்து செய்தால் பிள்ளை வீடு திரும்பும். அதனால் விடுதலை என்பதற்கே அந்தச் சொல் நின்றுவிட்டது. கி.மு. 2400 வாக்கில் லகாஷ் என்ற சுமேரிய நகரத்து அரசன் என்மெடெனா, தாயைப் பிள்ளையிடமும் பிள்ளையைத் தாயிடமும் திருப்பி அனுப்பியதாகவும், வட்டிக்கடன் வாற்கோதுமைக்கு அமர்கி அளித்ததாகவும் எழுதி வைத்திருக்கிறான்.

அதே என்மெடெனாதான் பக்கத்து உம்மா நகரத்தோடு நடந்த வரப்பு வாய்க்கால் தகராறைப் பற்றிய பதிவில், உம்மாக்காரன் வாங்கிய வாற்கோதுமைக்கு வட்டிக்கு வட்டி ஏறி எந்த நாட்டிலும் விளையாத அளவுக்குக் கணக்குக் காட்டுகிறான். தன் ஊருக்குத் தள்ளுபடி, அடுத்த ஊருக்குக் கூட்டுவட்டி. இப்படிப்பட்டவர்களை என் தொழிலில் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் குழுவில் சுருக்கி எழுதினேன். சித்தப்பா மகன் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான், நீல டிக் மட்டும் விழுந்தது. மாமாவுக்குத் தனியாக அந்த நாய்த்தடம் பதிந்த செங்கல் படத்தை அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது: "அது ஏலியனோட நாயா இருந்தா என்ன பண்ணுவே மாப்ளே?"